வருகிறார்கள் என்று சொன்னவள்

கடலைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. மாத்தளையில் பிறந்து, மாத்தளையிலேயே கல்யாணம் கட்டி, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற ஓர் அரசாங்க அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறவள் நான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் குளம், வாய்க்கால், மழைக்காலத்தில் ரோட்டை மூடிக்கொண்டு ஓடுகிற ஓடை. கடலை மொத்தமாக மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் கணுக்காலுக்கு மேல் நனைய விடவில்லை. ஆனாலும் கடலில் நடந்த ஒரு காரியத்தில் எனக்குப் பங்கு இருக்கிறது. யாரும் என்னை விசாரிக்கவில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

என் வேலை மொழிபெயர்ப்பு. சிங்களத்தில் வரும் கடிதத்தைத் தமிழில் எழுதுவேன், தமிழில் வருவதைச் சிங்களத்தில் எழுதுவேன், கொழும்பிலிருந்து இங்கிலீஷில் ஏதாவது வந்தால் அதுவும் என் மேசைக்குத்தான் வரும். அதோடு கவுண்டரிலும் உட்கார வேண்டும். அங்கே நான் அதிகமாகச் சொல்லியிருக்கும் வசனம் ஒன்று உண்டு. "இது எங்க பிரிவு இல்லீங்க." மூன்று மொழியிலும், சிரித்த முகத்தோடு, எதிரில் நிற்பவருக்குக் கோபமே வராத மாதிரி அதைச் சொல்ல எனக்குத் தெரியும்.

ஒரு சமயம் எங்கள் பிரிவுக்கும் பக்கத்துப் பிரிவுக்கும் எல்லையாக ஓடும் ஓடையின் மேல் இருந்த சின்னப் பாலம் உடைந்தது. இந்தப் பாதி எங்களுடையது, அந்தப் பாதி அவர்களுடையது. இரண்டு மழைக்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனார்கள். நாங்கள் அவர்களுக்கு எழுதினோம், அவர்கள் எங்களுக்கு எழுதினார்கள். எங்கள் பக்கத்துக் கடிதங்களையெல்லாம் எழுதியது நான்தான். நல்ல நடை என்று மேலதிகாரி பாராட்டினார், நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

கவுண்டரில் இன்னொரு வித்தையும் உண்டு. ஆள் போகாமல் நின்றுகொண்டே இருந்தால், முறைப்பாட்டைப் பதிந்து ஒரு துண்டுக் கடதாசியில் இலக்கம் எழுதிக் கொடுப்போம். "இந்த நம்பர வச்சுக்கங்க" என்போம். யானை வேலியை உடைத்துவிட்டது என்று சொல்ல விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கூட, இலக்கம் கையில் கிடைத்ததும் பாதி வேலை முடிந்த முகத்தோடு திரும்பிப் போவார். அதற்குப் பிறகு அந்தக் கோப்பு எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இது தெரியாவிட்டால் பின்னால் நான் செய்த மடத்தனம் யாருக்கும் விளங்காது.

என் தம்பி நாவுலயிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டினான். என்னைவிடப் பத்து வயது இளையவன். அம்மா செத்த பிறகு நான்தான் சோறு போட்டு வளர்த்தேன். அதனால் அவன் மேல் எனக்கு உரிமையும் அதிகம், வாயும் அதிகம். நாடு நொடித்துப்போன காலத்தில் டீசலுக்கு வரிசையில் நின்று நின்றே லொறி ஓடாமல் போயிற்று. அப்போது "வெளிய போறேன்க்கா" என்று ஆரம்பித்தவன் கடைசிவரை நிறுத்தவில்லை. போயும் விட்டான். ஐரோப்பாவில் ஒரு நாட்டில் போய் நின்றான். அங்கே தங்குவதற்குக் கடதாசி கிடைக்கவில்லை. ஒடுங்கிய கடல் ஒன்றைத் தாண்டினால் அடுத்த நாடு, அங்கே வழி பிறக்கும் என்று ஏஜென்சிக்காரன் ஒருவன் சொன்னானாம். இரண்டு நாட்டின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் அந்த நாடுகளைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

ரப்பர் படகில் போகப் போகிறான் என்று தெரிந்த அன்றைக்கு அவனைப் போனிலேயே கிழித்தேன்.

"ஒனக்கு நீச்சல் தெரியுமாடா?"

"லைஃப் ஜாக்கெட் தருவாங்கக்கா."

"பிரேக் சரியில்லன்னா லொறிய எடுக்க மாட்ட. இந்தப் படகுல என்னடா பிரேக் இருக்கு?"

சிரித்தான். சிரித்துவிட்டு, தன் பெண்சாதிக்குச் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கினான். அந்தப் பெண் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, கைக்குழந்தையோடு இருக்கிறாள். புருஷன் ஏதோ ஹோட்டல் சமையலறையில் நிரந்தர வேலையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தாள். எங்கள் வீடுகளில் இது வழக்கம்தான். பயணத்தைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சொல்வோம். முன்கூட்டிச் சொன்னால் தடங்கல் வரும், கண் படும். ஆகவே மாத்தளையில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். மூன்று கிழமையாகச் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. அந்தக் கடலின் காற்று வேகத்தைப் போனில் பார்த்துப் பார்த்து, எங்கள் வீட்டு வேப்பமரம் அசைந்தால்கூட வெளியே வந்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் நான் பஸ்ஸில் இருக்கும்போது வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. "ஏறப் போறோம்க்கா. பயப்படாத." அங்கே அப்போது விடியற்காலை. பயப்படாதே என்று சொன்னால் போகிற பயமா அது? பஸ்ஸில் பாட்டைச் சத்தமாகப் போட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த ஹோல்ட் வரை போய், திரும்பி நடந்து வந்தேன்.

ஒன்பதரை தாண்டியிருக்கும். கவுண்டரில் காணி உத்தரவுப் பத்திரத்தோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். தம்பியின் அழைப்பு வந்தது. பெரியவரைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு, பின்னால் இருக்கிற ரெக்கோட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, என்ஜின் நின்னுருச்சு."

காற்றுச் சத்தம். தெரியாத பாஷைகளில் ஆட்கள் கத்துகிறார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. முன்னொரு தடவை லொறியைக் கொண்டுபோய் மதிலில் மோதிவிட்டுக்கூடச் சிரித்துக்கொண்டே எனக்குப் போன் பண்ணியவன் என் தம்பி. அன்றைக்கு அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"தண்ணி வருதாடா?"

"கணுக்காலுக்கு வந்துருச்சு. அள்ளி அள்ளி ஊத்துறாங்க. ஒரு பக்கத்து ட்யூப்ல காத்து போகுதுக்கா."

கட்டி வைத்திருந்த பழைய கோப்புகளின் மேல் அப்படியே உட்கார்ந்தேன்.

"எத்தன பேருடா இருக்கீங்க?"

"நாப்பதுக்கு மேல. சின்னப் புள்ளைங்க இருக்கு. இங்கருந்து ஆளாளுக்குக் கூப்பிடுறாங்க, ரெண்டு பக்கமும் கூப்பிட்டாச்சு. அவங்க பேசுறது எங்களுக்கு வெளங்குதில்ல, நாங்க பேசுறது அவங்களுக்கு வெளங்குதில்ல. நீ பேசுக்கா. ஒனக்குத்தான் ஆபீஸ் இங்கிலீஷ் வரும்."

இரண்டு படங்கள் அனுப்பினான். ஒன்று, அவர்கள் இருக்கும் இடம். திரை முழுக்க நீலம், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் ஓர் ஊர் இல்லை, ரோட்டு இல்லை, இன்ன இடத்துக்குக் கிட்ட என்று சொல்ல ஒன்றுமே இல்லை. மற்றது, கரையில் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த அட்டை. அதில் இரண்டு தொலைபேசி இலக்கங்கள். ஒன்று புறப்பட்ட நாட்டின் மீட்பு நிலையம், மற்றது போகிற நாட்டின் மீட்பு நிலையம்.

போகிற நாட்டுக்குத்தான் முதலில் எடுத்தேன். ஓர் ஆண் பேசினார். மிகவும் மரியாதையான குரல். படகில் எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, நீங்களும் படகில் இருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, நான் இலங்கையில் இருக்கிறேன் என்றேன். பிறகு இடத்தைக் கேட்டார். அடையாள அட்டை இலக்கம் வாசிப்பது போல ஒவ்வோர் எண்ணாக வாசித்தேன். அவர் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

அந்த இடம் தங்கள் எல்லைக்குள் இல்லை என்றார். அந்தப் பக்கத்து நிலையத்துக்கு அறிவித்தாகிவிட்டது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். உங்கள் அழைப்பைப் பதிந்திருக்கிறேன், இலக்கத்தை எழுதிக்கொள்கிறீர்களா மேடம் என்று கேட்டார்.

எழுதிக்கொண்டேன். ஒரு கோப்பின் அட்டையைக் கிழித்து எழுதிக்கொண்டேன். "தேங்க் யூ சேர்" என்றும் சொன்னேன்.

பத்தொன்பது வருஷமாக இலக்கம் கொடுத்து ஆட்களை அனுப்பியவள் நான். நானே ஓர் இலக்கத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியானேன். எங்கள் ஆபீஸ் இலக்கம்தான் படுத்துத் தூங்கும், வெள்ளைக்காரனுடைய இலக்கம் எழுந்து ஓடும், ஹெலிகொப்டரில் ஏறிப் பறக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அட்டையில் இருந்த மற்ற இலக்கத்துக்கு நான் எடுக்கவே இல்லை. அதற்கும் காரணம் எங்கள் ஆபீஸ்தான். ஒரே முறைப்பாட்டை இரண்டு இடத்தில் கொடுத்தால், இரண்டு இடமும் மற்றவன் பார்ப்பான் என்று விட்டுவிடும். "ரெண்டு எடத்துல குடுத்துக் கெடுத்துக்காதீங்க" என்று எத்தனையோ பேரை நான் ஏசியிருக்கிறேன். ஒழுங்காக, ஒரே இடத்தில், முறைப்படி கொடுத்துவிட்டேன் என்ற திருப்தி எனக்கு.

பத்து மணிக்குத் தம்பிக்கு எடுத்தேன்.

"பதிஞ்சாச்சுடா, நம்பர் குடுத்துட்டாங்க. வர்றாங்க. ஆளாளுக்குச் சும்மா சும்மா கூப்பிடாதீங்க, அவங்களுக்குக் குழப்பமாயிரும். ஃபோன்ல சார்ஜ மிச்சம் புடிங்க. தேடி வர்ற நேரம் தேவைப்படும்."

கவுண்டரில் பேசுகிற குரலிலேயே சொன்னேன். அந்தக் குரலுக்கு யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். தம்பி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மற்றவர்களிடம் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எங்க அக்கா கவர்மென்ட்ல இருக்கு! பேசியாச்சு! வர்றாங்களாம்! இனி யாரும் கூப்பிட வேணாம்!"

அதை யாரோ இன்னொரு பாஷையில் சொன்னார்கள். அது வாய்க்கு வாய் படகு முழுக்கப் போயிற்று. ஒரு பெண் கடவுளைக் கூப்பிட்டு அழுவது கேட்டது, சந்தோஷ அழுகை. எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கவுண்டருக்குத் திரும்பிப் போய்ப் பெரியவரின் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் ஓடின. பத்தே முக்காலுக்குத் தம்பிக்கு எடுத்தால் போன் அணைந்திருந்தது. சொன்னபடி சார்ஜை மிச்சம் பிடிக்கிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினொன்றுக்கும் அப்படித்தான். பதினொன்றேகாலுக்கும் அப்படித்தான். ரப்பர் முத்திரையைப் பிடிக்க முடியவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்க்கப் பிடிக்காமல் லாச்சிக்குள் தள்ளி மூடினேன். இவ்வளவு நேரத்தில் வந்திருப்பார்கள், வந்திருந்தால் சொல்லியிருப்பான், சொல்லவில்லையே, ஏன் சொல்லவில்லை. இதுவே திரும்பத் திரும்ப ஓடியது. பேய் பிடித்தவள் மாதிரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேனாம்.

அதைக் கவனித்தவர் பக்கத்து மேசைக்காரி. மாத்தளையில் பரம்பரையாக வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண், என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரைத் "தாத்தா" என்று கூப்பிடுவேன். அவர்களிடம் அது அக்கா என்று அர்த்தம். என் கையைப் பிடித்து ரெக்கோட் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன புள்ள, மொகம் வெளுத்துப் போய்க் கெடக்கு? ஊட்டுல யாருக்கும் ஏதுமா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த விஷயத்தை நான் வாய் திறந்து சொன்ன முதல் ஆள் அவர்தான். இலக்கம் எழுதிய அட்டைத் துண்டைக் காட்டினேன். அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யா அல்லாஹ். இதப் போய் நம்பிட்டு உக்காந்திருக்கியா புள்ள? நாம குடுக்காத நம்பரா?"

அதே இடத்தில் நின்று, முதலில் பேசிய நிலையத்துக்கே திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை ஒரு பெண். இலக்கத்தைக் கேட்டார், பார்த்தார். அது மற்றப் பக்கத்துக்குக் கையளிக்கப்பட்ட விஷயம், எங்கள் பக்கத்தில் மூடியாகிவிட்டது என்றார். மூடியாகிவிட்டது என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை நானே எழுதியிருப்பேன்.

பிறகு மற்ற நிலையத்துக்கு எடுத்தேன். இங்கிலீஷ் பேசுகிற ஆளைத் தேடிக் கொடுக்க நேரமாயிற்று. வந்தவர் நிதானமாகச் சொன்னார். அறிவித்தல் கிடைத்தது. ஆனால் நீரோட்டம் படகை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. எங்கள் கணக்கின்படி இப்போது அது அவர்களுடைய எல்லைக்குள் இருக்க வேண்டும். அதைப் பதிலாக அவர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறோம்.

எந்த அதிகாரியிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு வாய்க்கு வந்தபடி கத்தினேன். இங்கிலீஷில் கத்திப் பழக்கமில்லாததால் இடையில் சிங்களமும் தமிழும் வந்தது. "நானும் உங்களை மாதிரி கவுண்டரில் இருக்கிறவள்தான். நீங்கள் செய்வது என்னவென்று எனக்குத் தெரியும். நீங்கள் அவர்களுக்கு எழுதுவீர்கள், அவர்கள் உங்களுக்கு எழுதுவார்கள். அதுவரை தண்ணீர் நிற்குமா? அங்கே இருப்பது என் தம்பி. எல்லையைப் பிறகு பாருங்கள், முதலில் ஆளை எடுங்கள்." தாத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த மனிதரின் குரல் மாறியது. கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று கேட்டார். எங்கள் நேரம் பத்து மணிக்கு என்றேன். அவர் கணக்குப் பார்த்தார்.

அதுவரை அந்தப் படகிலிருந்து வரிசையாக அழைப்பு வந்துகொண்டிருந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை என்றார். ஒருவரும் கூப்பிடாததால், என்ஜின் வேலை செய்து கரைக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்தோம் என்றார்.

இப்போது ஒரு கப்பலைத் திருப்பச் சொல்கிறேன் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அதற்கு முன்னால் சொன்னதுதான் மண்டைக்குள் நின்றது. கூப்பிட வேண்டாம் என்று சொன்னது நான்.

மத்தியானம் தம்பியின் பெண்சாதி எடுத்தாள்.

"அண்ணி, அவரு ஃபோன் ஓஃப்ல இருக்கு. ஒங்களோட பேசினாரா?"

"வேலையில இருப்பான். அங்க இப்ப காலைதானே."

"புள்ளைக்குப் பல்லு மொளைக்குதுன்னு சொல்லத்தான் எடுத்தேன்."

பல்லைப் பற்றி நானும் இரண்டு வார்த்தை பேசினேன். எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் தாலி என் கையில் இருக்கிறது, அவளுக்கே தெரியாமல் நான் அதை வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று தோன்றியது. வீட்டுக்குப் போனால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பயத்தில் ஆபீஸ் மூடும்வரை அங்கேயே இருந்தேன். தாத்தாவும் போகாமல் இருந்தார்.

ஐந்தே முக்கால் போல, மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்கி நிற்கிறேன், தெரியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து அழைப்பு.

"அக்கா, நான்தான்."

உயிர் போய் உயிர் வந்தது. அத்தனை சனத்துக்கு நடுவில், சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மீன்பிடிப் படகு ஒன்றுதான் முதலில் கண்டு தூக்கியதாம், கப்பல் பிறகுதான் வந்ததாம். ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னான். பல் அடித்துக்கொண்டதில் பாதி விளங்கவில்லை.

"எல்லாரையும் எடுத்துட்டாங்களாடா?"

"இல்லக்கா."

அவனே சொன்னான்.

"வவுனியா அண்ணன் ஒருத்தரு இருந்தாருக்கா, எனக்குப் பக்கத்துல. அவரு ஃபோன்ல நல்ல சார்ஜ் இருந்துச்சு. இன்னொருக்கா கூப்பிடுவோம் தம்பி, இன்னொருக்கா கூப்பிடுவோம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான்தான் வேணாம்னேன். நீ சொன்னதத்தான் நான் சொன்னேன். ட்யூப் வெடிச்ச பக்கம் இருந்தவங்க யாரும்... அவரும்..."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அன்றைக்கே அவன் பெண்சாதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள், நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வந்து, "எனக்குச் சொல்லியிருந்தா நானும் ஒரு பக்கம் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பேன் அண்ணி" என்றாள்.

இரண்டு நாட்டிலும் விசாரணை என்றார்கள். போனில் வந்ததையெல்லாம் விடாமல் படித்தேன். இந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கத்தைக் காட்டினார்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கத்தை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, இன்றைக்கும் வருகிறது. கப்பல் அவர்களிடம் இருந்தது, ஹெலிகொப்டர் இருந்தது, சட்டம் இருந்தது. பல ஆயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் என்னிடம் இருந்தது ஒரு போன். காப்பாற்ற வேண்டியவர்கள் அவர்கள்தான், நான் இல்லை. இப்படிச் சொல்லிக்கொள்வேன். சில நாளுக்கு அது போதும், சில நாளுக்குப் போதாது. திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் கவுண்டரில் இன்னும் அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சொன்ன பிறகு அந்த ஆள் கேற்றைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு இருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எனக்குத் தெரியாத இலங்கை இலக்கம் ஒன்றிலிருந்து ஒரு பெண் எடுத்தார்.

"அக்கா, நான் வவுனியாவில இருந்து கதைக்கிறன். உங்கட தம்பிதான் நம்பர் தந்தவர். அண்டைக்கு அவையளோட கதைச்சது நீங்கள்தானே?"

யார் என்று உடனே விளங்கிவிட்டது. சோற்றுப் பார்சலை மூடி வைத்தேன்.

"ஓம்மா, நான்தான்."

"உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும் அக்கா. அவரிட்ட போனில சார்ஜ் இருந்ததாம். பிறகு ஏன் அவர் ஒருத்தருக்கும் எடுக்கேல்லை?"

என்னிடம் இரண்டு பதில் தயாராக இருந்தது. இரண்டு நாடும் ஒன்றன் மேல் ஒன்று பழியைப் போட்டுக் கைகழுவிவிட்டன என்று சொல்லலாம், அது உண்மை. கூப்பிட்டிருந்தாலும் அவர்கள் வந்திருப்பார்களோ தெரியாது என்று சொல்லலாம், அதுவும் உண்மை. அவர் கேட்டது அதுவல்ல. அந்தக் கடலுக்குப் பயந்ததைவிட அதிகமாக அந்தப் பெண்ணுக்குப் பயந்தேன்.

"நான்தாம்மா கூப்பிட வேணாம்னு சொன்னேன்," என்றேன். "வர்றாங்க, சார்ஜ மிச்சம் புடிங்கன்னு நான்தான் சொன்னேன். என் தம்பி அதத்தான் எல்லாருக்கும் சொன்னான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை எதையோ கேட்டது. "பொறு" என்று அதற்குச் சொன்னார்.

"எத்தினை மணிக்கு அக்கா சொன்னனீங்கள்?"

"பத்து மணிக்கு. நம்ம நேரம் பத்து."

"பத்தரைக்கு நான் அவருக்கு எடுத்தனான்," என்றார். "ரெண்டு தரம் எடுத்தனான். ரெண்டு தரமும் கட் பண்ணினவர். முதல் நாள் எங்களுக்குள்ள சண்டை அக்கா. போகவேண்டாமெண்டு நான் கனக்கக் கதைச்சுப்போட்டன். அந்தக் கோவத்திலதான் கட் பண்ணினவரெண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"இல்லம்மா," என்றேன். "கோவம் இல்ல. சார்ஜுக்காகத்தான். நான் சொன்னதுனாலதான்."

"அப்ப கோவமில்லையோ?"

"இல்ல."

"வடிவாத் தெரியுமோ அக்கா? கோவமில்லையோ?"

"இல்லம்மா. கோவம் இல்ல."

அதற்குப் பிறகுதான் அவர் அழத் தொடங்கினார். சாப்பாட்டு நேரம் முடிந்து கவுண்டரில் ஆட்கள் வந்து நின்றார்கள், ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். நான் போனை வைக்கவில்லை.